பரங்கிக்காய்ப் பருவத்தை வீட்டிலேயே கொண்டாடுவது எப்படி?

அமெரிக்காவிலும் கனடாவிலும் செப்டம்பர் பிற்பகுதியில் கடைவாசல்களில் குவியத் தொடங்கும் பரங்கிக்காய்கள் நவம்பர் கடைசி வரை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளிக்குள் கனடாவின் நன்றி நவிலும் நாள் அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமையும், பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்டுச் செல்லும் ஹாலோவீன் அக்டோபர் 31 அன்றும், அமெரிக்காவின் நன்றி நவிலும் நாள் நவம்பர் நான்காவது வியாழக்கிழமையும் வந்துவிடுகின்றன. பண்ணைகளுக்குப் போய் வைக்கோல் வண்டியில் ஏறி வருவது ஒரு நாள் மகிழ்ச்சி, அதற்கு மறுப்பில்லை. ஆயினும் இந்தப் பருவத்தின் உண்மையான ருசி வீட்டு அடுப்படியிலும் வாசற்படியிலும்தான் இருக்கிறது. அதைக் குடும்பத்தோடு அனுபவிக்கப் பெரிய செலவோ கைத்திறனோ தேவையில்லை. எதை எப்போது செய்வது என்ற வரிசை மட்டும் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வார இறுதியில் முடித்துவிட நினைப்பவர்களின் வாசலில், விளக்கு வைப்பதற்காக முகம் செதுக்கிய காய் ஹாலோவீனுக்கு முன்பே அழுகிவிடுகிறது. சமையலறையிலோ, வேலை மிகுந்து, பிள்ளைகளை விரட்டும் நிலை வந்துவிடுகிறது.

காய் வாங்குவது

சமைப்பதற்கு ஒரு காய், செதுக்குவதற்கு வேறொரு காய் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஹாலோவீனுக்காக விற்கப்படும் பெரிய காய்கள் செதுக்குவதற்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காகவே வளர்க்கப்படுபவை. அவற்றின் சதை நாராகவும் நீர்த்தும் இருக்கும், இனிப்பும் குறைவு. சமையலுக்கு ஏற்றவை ‘சுகர் பம்ப்கின்’ அல்லது ‘பை பம்ப்கின்’ என்று சீட்டு ஒட்டியிருக்கும் இரண்டு, மூன்று கிலோ எடையுள்ள சிறிய உருண்டைக் காய்கள். கையில் எடுத்தால் உருவத்தைக் காட்டிலும் கனமாகத் தோன்ற வேண்டும், நகத்தால் அழுத்தினால் தோலில் பள்ளம் விழக்கூடாது, காம்பு காய்ந்து உறுதியாக ஒட்டியிருக்க வேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்கும் பழக்கம் பலருக்கும் உண்டு. அது முறிந்தால் அந்த இடத்திலிருந்துதான் அழுகல் தொடங்கும்; ஆகவே அடியில் கை கொடுத்துத் தூக்குவதே நல்லது. வெட்டாத காயைக் குளிர்ச்சியும் காற்றோட்டமும் உள்ள இடத்தில், வெறுந்தரையில் வைக்காமல் அட்டையின் மேல் வைத்தால், இரண்டு மூன்று மாதங்கள் கெடாது. 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை அதற்கு மிகவும் உகந்தது.

டின்னில் வரும் பரங்கி விழுதைப் பயன்படுத்துவதில் குறைவு ஒன்றுமில்லை. அமெரிக்காவில் டின்களுக்குப் போகும் பரங்கியின் பெரும்பகுதி இல்லினாய் மாநிலத்தில் விளைகிறது. அங்குள்ள மார்ட்டன் என்ற ஊர் தன்னை உலகப் பரங்கித் தலைநகரம் என்றே அழைத்துக்கொள்கிறது. அந்த வயல்களில் விளையும் டிக்கின்சன் என்ற ரகம் ஆரஞ்சு நிறத்தில் இருக்காது. வெளிறிய பழுப்புத் தோலும் கெட்டியான சதையும் கொண்டது. டின் வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பரங்கி மட்டுமே உள்ள டின்னும், சர்க்கரையும் மசாலாவும் முன்கூட்டியே கலந்த ‘பம்ப்கின் பை மிக்ஸ்’ டின்னும் ஒரே அலமாரியில், ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் இருக்கும். கீழே சொல்லப்படும் அளவுகளுக்கு முதல் வகைதான் பொருந்தும்.

விழுது தயாரிப்பது

பரங்கிப் பலகாரங்கள் சுவைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் நீர்தான் காரணம். பரங்கியின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அதைக் குறைத்தால்தான் இனிப்பும் மணமும் வெளியே வரும். எனவே வேகவைக்க வேண்டாம், சுட்டெடுங்கள். காயை மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்து, விதைகளையும் நாரையும் வழித்து எடுத்துத் தனியே வையுங்கள். வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி ட்ரேயில் கவிழ்த்து, 200 டிகிரி செல்சியஸ், அதாவது 400 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ‘அவன்’ அடுப்பில் வைக்க வேண்டும். தோல் சுருங்கி, கத்தி தடையின்றி இறங்கினால் வெந்துவிட்டது என்று பொருள். ஆறியதும் சதையைக் கரண்டியால் வழித்து மிக்ஸியில் அரைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த படியைத்தான் பலர் தாண்டிவிடுகிறார்கள். அரைத்த விழுதை மெல்லிய பருத்தித் துணி விரித்த வடிகட்டியில் கொட்டி, ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். மஞ்சள் நிற நீர் கீழே உள்ள பாத்திரத்தில் சொட்டிச் சேரும். அதைக் கொட்டிவிடாமல் சூப்பில் சேர்த்துக்கொள்ளலாம். காத்திருக்க நேரமில்லை என்றால், அகன்ற பாத்திரத்தில் விழுதைப் போட்டு மிதமான தீயில் பத்து நிமிடம் கிளறினாலும் போதும். கரண்டியை அடியில் இழுத்தால் விழும் கோடு உடனே மூடிக்கொள்ளாமல் ஒரு கணம் நிற்க வேண்டும், அதுவே பதம். இரண்டு கிலோ காயிலிருந்து ஒரு டின்னுக்கு, அதாவது 425 கிராமுக்கு, குறையாமல் விழுது கிடைக்கும்.

மீதமாகும் விழுதை ஒவ்வொரு கோப்பையாக அளந்து, உறைபெட்டியில் வைத்துப் பல மாதங்கள் பயன்படுத்தலாம். ஆனால் கண்ணாடிக் குடுவைகளில் அடைத்து, கொதிநீரில் வைத்துச் சேமிக்கும் வேலையைப் பரங்கி விழுதுக்கு ஒருபோதும் செய்யாதீர்கள். அமில அளவு குறைந்த, அடர்த்தியான இந்த விழுதின் நடுப்பகுதி வரை போதிய வெப்பம் சென்றுசேரும் என்று உறுதி சொல்ல முடியாததால், போட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கொடிய நச்சு உருவாகும் ஆபத்து இருக்கிறது. குடுவைகளை உயர் அழுத்த நீராவியில் சூடாக்கும் பிரஷர் கேனரில் வைத்தாலும் விழுதாக அடைப்பது பாதுகாப்பற்றது என்பதே அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை.

பம்ப்கின் பை

மாவு ஓட்டுக்குள் பரங்கிக் கலவையை ஊற்றி வேகவைக்கும் இனிப்புப் பலகாரம்தான் ‘பை’. ஒன்பது அங்குலத் தட்டு ஒன்றுக்கான அளவு இது. ஓட்டுக்கு 160 கிராம் மைதாவில் அரைத் தேக்கரண்டி உப்பும், குளிர்ந்த வெண்ணெய் 115 கிராமும் சேர்த்து, பட்டாணி அளவு கட்டிகள் தெரியும் வரை விரல் நுனியால் உதிர்த்துவிடுங்கள். மூன்று நான்கு மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீர் தெளித்து, அழுத்திப் பிசையாமல் ஒன்றுசேர்த்து, ஒரு மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்த பிறகு வட்டமாகத் தேய்த்துத் தட்டில் படியவிட வேண்டும். வெண்ணெய் உருகிவிட்டால் ஓடு மொறுமொறுப்பாக வராது; கை சூடாக இருப்பவர்கள் இடையிடையே மாவைப் பெட்டிக்குள் வைத்து எடுப்பது நல்லது.

உள்ளே ஊற்றும் கலவைக்கு 425 கிராம் விழுது, இரண்டு முட்டை, 150 கிராம் சர்க்கரை, 350 மில்லி எவாப்பரேட்டட் மில்க், ஒரு தேக்கரண்டி பட்டைத் தூள், அரைத் தேக்கரண்டி சுக்குத் தூள், கால் தேக்கரண்டி கிராம்புத் தூள், அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றை நன்றாக அடித்துக்கொள்ளுங்கள். எவாப்பரேட்டட் மில்க் இனிப்பில்லாதது. அதற்குப் பதிலாகக் கண்டென்ஸ்டு மில்க் டின்னைத் திறந்துவிட்டால் சர்க்கரைக் கணக்கு தவறிவிடும். முட்டை சேர்க்காத குடும்பத்தினர் கார்ன்ஃப்ளோர் எனப்படும் வெள்ளைச் சோள மாவை மூன்று மேசைக்கரண்டி கரைத்துச் சேர்க்கலாம். அப்படிச் செய்தால் முழுவதுமாகக் குளிர்ந்த பிறகே வெட்ட வேண்டும். 220 டிகிரி செல்சியஸில் 15 நிமிடமும், பிறகு 175 டிகிரிக்குக் குறைத்து 40 முதல் 50 நிமிடமும் வேகவிடுங்கள். தட்டை மெல்ல அசைத்தால் ஓரம் அசையாமல், நடுவில் மட்டும் இலேசான நடுக்கம் தெரியும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். நடுவும் இறுகட்டும் என்று காத்திருந்தால் ஆறும்போது மேற்பரப்பு வெடிக்கும். வெடித்தாலும் ருசிக்குப் பெரிய இழப்பில்லை. மேலே அடித்த கிரீமை வைத்து மறைத்துவிடலாம்.

மசாலாவைப் பற்றி ஒரு சொல். இந்தக் கலவையை மெக்கார்மிக் நிறுவனம் 1934-இல் ஒரே டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கியது. 2003-இல் ஸ்டார்பக்ஸ் அறிமுகப்படுத்திய பம்ப்கின் ஸ்பைஸ் லாட்டேயில் 2015 வரை பரங்கியே சேர்க்கப்படவில்லை. அதுவரை மக்கள் குடித்து மகிழ்ந்தது பட்டை, ஜாதிக்காய், கிராம்பு, சுக்கு ஆகியவற்றின் மணத்தைத்தான். இவை நான்கும் வீட்டில் இருந்தால் டப்பா வாங்கத் தேவையில்லை. பட்டை மூன்று மேசைக்கரண்டி, சுக்கு இரண்டு தேக்கரண்டி, ஜாதிக்காய் ஒன்றரை, கிராம்பு ஒரு தேக்கரண்டி என்று பொடித்து வைத்துக்கொள்ளலாம். கிராம்பைக் கூட்டிவிடாதீர்கள், அது மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். ஒரு கோப்பைப் பாலில் இரண்டு மேசைக்கரண்டி விழுதும் கால் தேக்கரண்டி மசாலாவும் கலந்து சூடாக்கி, கெட்டியான காபியும் சர்க்கரையும் சேர்த்தால் கடைப் பானத்தைவிட நன்றாகவே இருக்கும்.

சிறு பிள்ளைகளோடு செய்வதற்குப் பையைக் காட்டிலும் பரங்கி பிரெட் எளிது. 220 கிராம் மைதாவில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒன்றரைத் தேக்கரண்டி மசாலா ஆகியவற்றைக் கலந்து, வேறொரு பாத்திரத்தில் 200 கிராம் சர்க்கரை, 120 மில்லி எண்ணெய், இரண்டு முட்டை, ஒரு கோப்பை விழுது, 60 மில்லி பால் ஆகியவற்றை அடித்து, இரண்டையும் மாவுத் தடம் மறையும் வரை மட்டும் சேர்த்துக் கிளறுங்கள். வெண்ணெய் தடவிய பிரெட் அச்சில் ஊற்றி, 175 டிகிரியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேகவிட்டால் போதும். மறுநாள் சாப்பிட்டால் இன்னும் மென்மையாக இருக்கும்.

விதைகளைக் கழுவி, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துங்கள். சிறிது எண்ணெய் புரட்டி, 160 டிகிரியில் அரை மணி நேரம் வரை, நடுவில் கிளறிவிட்டு வறுத்தால் தோலோடு கடித்துச் சாப்பிடலாம். சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு மட்டும் கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

செதுக்குவது

அயர்லாந்து மக்கள் டர்னிப் கிழங்குகளில் முகம் செதுக்கி வந்த வழக்கத்தை, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் அங்கே எளிதாகக் கிடைத்த பரங்கிக்கு மாற்றினார்கள். கிழங்கைக் குடைந்து பார்த்தவர்களுக்கு அந்த மாற்றத்தின் அருமை புரியும். அக்டோபர் 29 அல்லது 30 அன்று செதுக்குவதே சரியான நேரம். வெட்டிய காய் சில நாள்களிலேயே துவண்டு பூஞ்சை பிடித்துவிடும், வெயில் அடிக்கும் ஊர்களில் அதற்கும் முன்பே. மேலே மூடி வெட்டுவதற்குப் பதிலாக அடியில் வட்டமாக வெட்டினால் காம்பு அழகாக நிற்கும், விளக்கின் மேல் காயை அப்படியே கவிழ்த்தும் வைக்கலாம். முகம் வரும் பக்கத்தின் உட்சுவரைக் கரண்டியால் சுரண்டி, ஓர் அங்குலத் தடிமனுக்குக் கொண்டு வந்தபின் செதுக்கினால் கை வலிக்காது.

வேலையைப் பிரித்துக்கொடுங்கள். விதைகளை அள்ளுவது பிள்ளைகளின் பங்கு. விரல்களுக்கிடையே வழுக்கி ஓடும் விதைகளை நாரிலிருந்து பிரித்தெடுக்க முழங்கை வரை கையை விட்டுத் துழாவுவதைத்தான் அவர்கள் செதுக்குவதைவிட அதிகம் விரும்புகிறார்கள். முகத்தைக் காகிதத்தில் வரைந்து ஒட்டி, ஊசியால் குத்திப் புள்ளியிடுவதையும் அவர்களே செய்யலாம். வெட்டுவது பெரியவர்களின் வேலை. அதற்கும் சமையல் கத்தியைவிட, செதுக்கும் பெட்டிகளில் வரும் சிறு ரம்பமே பாதுகாப்பானது. உள்ளே மெழுகுவத்திக்குப் பதிலாக மின்கல விளக்கை வையுங்கள். தொங்கும் வேடத் துணிகளும் காய்ந்த சருகுகளும் வாசலில் இருக்கும் இரவு அது. செதுக்கி வெளியே வைத்த காயை மறுபடி சமையலுக்கு எடுக்கக்கூடாது.

வாசல் விளக்கு எரிந்தால்தான் பிள்ளைகள் கதவைத் தட்டுவார்கள் என்பது ஹாலோவீன் இரவின் எழுதப்படாத விதி. ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்காக, உணவல்லாத சிறு பொருள்களும் இங்கே கிடைக்கும் என்பதன் அடையாளமாக நீலப்பச்சை வண்ணம் பூசிய பரங்கிக்காயை வைக்கும் வழக்கம் 2014 முதல் அமெரிக்கா முழுவதும் பரவியிருக்கிறது. பென்சில், ஒட்டுப்படம், பந்து போன்றவற்றை ஒரு தனிக் கிண்ணத்தில் வைத்தால் போதும்.

இலைகளும் நன்றி நவிலும் நாளும்

ஹாலோவீனுக்கும் நவம்பர் விருந்துக்கும் இடைப்பட்ட வாரங்கள் வெறுமையாகக் கழியும் என்று எண்ண வேண்டாம். இலைகளைச் சேகரிக்கும் வேலையை மட்டும் அக்டோபரிலேயே, அவை உதிர்ந்து மொடமொடப்பாகும் முன் செய்துவிடுங்கள். பச்சையம் சிதைந்ததும் அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகிறது. மேப்பிளின் சிவப்போ இலையுதிர் காலத்தில் புதிதாக உருவாகும் நிறமி. இதைச் சொல்லிக்கொண்டே நடந்தால் பிள்ளைகள் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்றுவிடுவார்கள். ஈரம் துடைத்த இலைகளைச் செய்தித்தாள்களுக்கு இடையே வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி, இரண்டு வாரம் அழுத்தினால் தட்டையாகக் காய்ந்துவிடும்.

அந்த இலைகளையே விருந்து மேசையில் பெயர்ச் சீட்டுகளாக வைக்கலாம். அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றில் உண்ணத் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தாம் நன்றி பாராட்டும் ஒன்றைச் சொல்லும் வழக்கம் உண்டு. கூச்சப்படும் பிள்ளைகள் முன்கூட்டியே ஒரு சீட்டில் எழுதிவைத்து, பெரியவர்கள் வாசிக்கும்படி விடலாம். பையை முதல் நாளான புதன்கிழமையே செய்து முடித்துவிடுங்கள். வியாழனன்று ‘அவன்’ அடுப்பை வான்கோழியோ வேறு பெரிய பதார்த்தமோ மணிக்கணக்கில் பிடித்துக்கொள்ளும். முட்டையும் பாலும் சேர்ந்த பலகாரம் என்பதால், அடுப்பிலிருந்து எடுத்து ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குப் போக வேண்டும். அங்கே மூன்று நான்கு நாள்கள் வரை நன்றாக இருக்கும்.

வாசலில் மீந்த செதுக்கிய காய்களிலிருந்து மெழுகையும் விளக்கையும் எடுத்துவிட்டு, சிறு துண்டுகளாக வெட்டி உரக்குழியில் போடுங்கள். விதைகள் ஒட்டியிருந்தால் அவற்றையும் நீக்குங்கள். இல்லையேல் அடுத்த கோடையில் உரக்குழியிலேயே கொடி படரும். வண்ணம் பூசியவற்றை உரத்தில் சேர்க்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள்.