லூவ்ருக்கு முதல்முறை போகிறீர்களா? அடித்தளத்திலிருந்து தொடங்குங்கள்

பாரிஸ் போகிற நம்மவர்கள் பலரும் லூவ்ருக்குள் நுழைந்ததும் நேரே மொனாலிசாவைத் தேடி ஓடுகிறார்கள். கூட்டத்தில் முண்டியடித்து ஒரு படம் எடுத்துவிட்டு, கால் வலியோடு வெளியே வந்துவிடுகிறார்கள். தாங்கள் நடந்தது ஓர் அரண்மனைக்குள் என்பதே மனதில் பதிவதில்லை. 1793-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்படும் முன், ஏறக்குறைய 600 ஆண்டுகள் கோட்டையாகவும் மன்னர்களின் மாளிகையாகவும் இருந்த இடம் இது. கட்டப்பட்ட வரிசையிலேயே கீழிருந்து மேலே ஏறிப் பாருங்கள். மூன்று மணி நேரம் போதும்.

படி 1: நாளும் டிக்கெட்டும்

செவ்வாய்க்கிழமை விடுமுறை. புதனும் வெள்ளியும் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். அந்த மாலைகள்தான் என் தேர்வு. டிக்கெட்டை அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்தில் நேரம் குறித்து முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. பெரிய பெட்டிகளை உள்ளே விடமாட்டார்கள், அறையிலேயே வைத்துவிடுங்கள்.

படி 2: போய்ச் சேருவது

தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பக்கம் உறவினர் வீட்டில் தங்கியிருந்தால் வழி சுலபம். மெட்ரோ 2-ஆம் தடத்தில் ஒரே நிறுத்தம், ஸ்தாலின்கிராத். அங்கே 7-ஆம் தடத்துக்கு மாறி, பலே ருவாயால் நிலையத்தில் இறங்குங்கள். கண்ணாடிப் பிரமிடுக்குக் கீழே உள்ள கூடத்திலிருந்து ஸுல்லி, தெனோன், ரிஷெலியு என்று மூன்று பகுதிகள் பிரியும். எல்லோரும் தெனோன் பக்கம் போவார்கள். நீங்கள் ஸுல்லிக்குப் போங்கள்.

படி 3: அகழிக்குள் நடப்பது

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 1190 வாக்கில் இரண்டாம் பிலிப் மன்னர் எழுப்பிய கோட்டையின் அடிச்சுவர்கள் 1980-களின் அகழாய்வில் வெளிப்பட்டன. இப்போது அந்த வறண்ட அகழிக்குள்ளேயே நடக்கலாம். அவசரப்படாமல் சுவரை ஒட்டி நின்று ஒவ்வொரு கல்லாகப் பாருங்கள். சிலவற்றில் சின்னச் சின்னக் குறிகள் தெரியும். இதய வடிவத்தில்கூட உண்டு. அவை கல்தச்சர்கள் போட்ட அடையாளங்கள். கட்டச் சொன்ன மன்னரின் பெயர் எல்லா நூல்களிலும் இருக்கிறது. கல் செதுக்கியவர்களுக்கு இந்தக் குறிதான் மிச்சம்.

படி 4: நான்கு பெண்கள் தாங்கும் மேடை

அங்கிருந்து மேலே ஏறினால் கார்யாடிட் கூடம். தூணாக நின்று பாரம் தாங்கும் பெண் சிலைக்குத்தான் கார்யாடிட் என்று பெயர். 1550-இல் ழான் கூழோன் செதுக்கிய நான்கு பெண் சிலைகள் இசைக்கலைஞர்களுக்கான மாடத்தைத் தலையில் தாங்கி நிற்கின்றன. 1658-இல் பதினான்காம் லூயி மன்னர் முன்னிலையில் நாடகாசிரியர் மோலியேரின் குழு இங்கே நாடகம் போட்டது. பக்கத்திலேயே புகழ்பெற்ற மிலோவின் வீனஸ் சிலை இருக்கிறது, அதையும் பார்த்துவிடுங்கள்.

படி 5: தாரு படிக்கட்டு

படிக்கட்டின் உச்சியில், கப்பலின் முன்முனையில் வந்திறங்குகிறாள் சிறகு விரித்த வெற்றித் தேவதை. தலையும் கைகளும் இல்லை. ஆனால் நனைந்த துணி காற்றில் வயிற்றோடு ஒட்டியிருப்பதைப் பாருங்கள், பளிங்குக் கல் என்பதே மறந்துபோகும்.

படி 6: கடைசியாக மொனாலிசா

போகும் வழியில் பெரிய காட்சிக்கூடத்தில், மொனாலிசாவை வரைந்த லியோனார்டோவின் மற்ற ஓவியங்கள் மாட்டியிருக்கும். அவற்றின் முன் கூட்டம் குறைவு, நிதானமாக நிற்கலாம். மொனாலிசா 77-க்கு 53 சென்டிமீட்டர்தான். அதைப் பார்த்ததும் அப்படியே திரும்புங்கள். எதிர்ச்சுவர் முழுக்க இத்தாலிய ஓவியர் வெரோனேசேயின் 'கானாவூர்த் திருமணம்' ஓவியம், ஏறக்குறைய 10 மீட்டர் அகலம். 1797-இல் நெப்போலியனின் படை வெனிஸ் நகர மடம் ஒன்றிலிருந்து எடுத்து வந்தது. வலது கீழ் மூலையில் ஜாடியைப் பிறாண்டும் பூனையைப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

சோழர் காலச் செப்புத் திருமேனிகளை இங்கே தேடி அலைய வேண்டாம். லூவ்ரின் ஆசியத் தொகுப்பு 1945-லேயே பாரிஸில் உள்ள கீமே அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. நடராசரை அங்கேதான் பார்க்கலாம். அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.