கரிப்பின் சாமான்களால் கொறோலாவுக்கு நான்கு சில்லு இழுவை: செய்முறை

யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கின் மணல் ஒழுங்கைகளிலும் மாரி நேரத்து வயல் பாதைகளிலும் முன் சில்லு இழுவைக் கார் எங்கே தோற்றுப்போகும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முன் சில்லு இரண்டும் குழி தோண்டும், பின் சில்லு இரண்டும் சும்மா கிடக்கும். அந்தப் பின் சில்லுகளையும் வேலை செய்ய வைக்க, உடைக்கப் போட்ட வண்டியொன்றின் சாமான்களே போதும். நான் செய்தது 90 மொடல் ரொயோட்டா கொறோலாவில். சாமான் தந்தது அதே தலைமுறை ரொயோட்டா ஸ்பிரின்ரர் கரிப், நான்கு சில்லு இழுவையோடு வந்த ஏஈ95. உங்களிடம் வேறு கார் இருந்தால், அதே தலைமுறையில் நான்கு சில்லு இழுவையோடு வந்த மொடல் உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் இந்த வேலையைத் தொடவேண்டாம்.

எஞ்சின் இறக்கி ஏற்றுவது, கிளச் போடுவது பற்றி இங்கே எழுதவில்லை. அதை எந்தக் கராஜிலும் பழகலாம்.

சாமான் எடுப்பது

எல்லாவற்றையும் ஒரே கரிப்பிலிருந்து எடுங்கள். கியர்பொக்ஸ், அதோடு சேர்ந்த ட்ரான்ஸ்பர் (இழுவையைப் பின்னுக்கு அனுப்பும் பகுதி), புரொப்பல்லர் சாப்ட் (அந்த இழுவையைப் பின் அக்சிலுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு), அதன் நடு பெயாரிங், பின் அக்சில், அதைப் பிடிக்கும் கைகள், பெற்றோல் தாங்கி, ஹான்ட்பிரேக் கேபிள், நடு டிபரன்சலின் (முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்து, இரண்டும் வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்கூட்டம்) லொக் சுவிட்ச், சுவிட்சிலிருந்து கியர்பொக்ஸ் வரை போகும் அத்தனை இணைப்புகள். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் ஒன்று, கொழும்பு பஞ்சிகாவத்தையில் இன்னொன்று என்று பொறுக்கினால் மலிவாகத்தான் தெரியும். ஆனால் அக்சில் ஒரு வண்டியினதும் ட்ரான்ஸ்பர் இன்னொரு வண்டியினதும் ஆகிவிட்டால், கீழே சொல்லப்போகும் சிக்கலில் மாட்டுவீர்கள்.

உங்கள் காரில் 2ஈ எஞ்சின் இருந்தால் கரிப்பின் கியர்பொக்ஸ் அதில் பூட்டாது. கரிப்பின் 4ஏ எஞ்சினையும் சேர்த்தே வாங்குங்கள். எஞ்சின் மாறினால் பதிவுப் புத்தகத்திலும் இலக்கம் மாறவேண்டும். வேலை தொடங்க முன்னரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக்காரரிடமும் பேசிவிடுங்கள். செஸி இலக்கம் அடித்த தகட்டில் கை வைக்கவே கூடாது. நாங்கள் வெட்டப்போவது பின்தளத்தை மட்டும்தான்.

கரிப்பின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து வாங்குங்கள். கடற்காற்றில் நின்ற வண்டியென்றால், அக்சில் கைகள் பூட்டும் இடம்தான் முதலில் உக்கியிருக்கும்.

விகிதம்: எனக்கு அதிக நேரம் எடுத்த இடம்

வெல்டிங்கைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் வண்டியை உடைப்பது விகிதம். முன் சில்லு ஒரு சுற்றுச் சுற்றும்போது பின் சில்லும் ஒரு சுற்றுச் சுற்றவேண்டும். சிறு வித்தியாசம் இருந்தாலும், லொக் விழுந்த நிலையில் அந்த வித்தியாசம் முழுக்கப் பற்களிலும் சாப்டிலும் முறுக்காக ஏறும். லொக் இல்லாவிட்டால் நடு டிபரன்சல் ஓய்வில்லாமல் சுற்றித் தேயும். ஒட்டியிருக்கும் இலக்கத் தகட்டை நம்பவேண்டாம், பழைய அக்சிலை யாராவது திறந்து உள்ளே மாற்றியிருக்கலாம். கையால் எண்ணுங்கள்.

முதலில் புரொப்பல்லர் சாப்டைப் பின் அக்சிலிலிருந்து கழற்றுங்கள். கியரை நியூட்ரலில் விட்டு, நடு லொக்கைப் போடுங்கள். லொக் உண்மையில் விழுந்ததா என்று பார்க்க, முன் சில்லுகள் நிலத்தில் இருக்கும்போதே சாப்டைக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் விழவில்லை, இறுகி நின்றால் விழுந்துவிட்டது. இந்தச் சோதனையை விட்டுவிட்டு எண்ணினால் கணக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வரும்.

அப்புறம் காரைத் தூக்கி நிறுத்துங்கள். ஜக்கில் மட்டும் விடாமல் ஸ்ராண்டும் வையுங்கள். இடது முன் சில்லை ஒருவர் அசையாமல் பிடிக்க, வலது சில்லை முன்னோக்கி 20 சுற்றுச் சுற்றுங்கள். ஒரு சில்லு நிற்பதால் டிபரன்சல் 10 சுற்றுத்தான் சுற்றும். அதற்குள் சாப்ட் எத்தனை சுற்று வந்தது என்று சோக்குக் கோடு போட்டு எண்ணுங்கள். பின்னாலும் இதேபோல ஒரு சில்லைப் பிடித்து மற்றதை 20 சுற்று; அக்சிலின் பினியன் (சாப்ட் வந்து பூட்டும் முனை) சுற்றை எண்ணுங்கள். முன்னுக்கு 41 வந்தால் பின்னுக்கும் 41 வரவேண்டும். 41க்கு 39 என்றால் அக்சிலைத் திருப்பிக் கொடுங்கள். எண்ணும்போதே சுற்றும் திசையையும் குறியுங்கள். இரண்டும் ஒரே பக்கம் சுற்றாவிட்டால் பின் சில்லு பின்னோக்கித்தான் ஓடும்.

ரயர் நான்கும் ஒரே அளவாகவும் ஒரே அளவு தேய்ந்ததாகவும் இருக்கவேண்டியதும் இதே காரணத்தால்தான்.

வெட்டி ஒட்டுவது

முன் இழுவைக் கொறோலாவின் பின்பக்கம் இரண்டு சில்லுக்கும் தனித்தனி ஸ்ட்ரட்டில் (ஸ்பிரிங்கும் அதிர்வு தாங்கியும் சேர்ந்த கால்) நிற்கிறது. கரிப்பில் இரண்டையும் சேர்க்கும் நீளமான ஒற்றை அக்சில்: கீழ்க் கை இரண்டு, மேல் கை இரண்டு, குறுக்குத் தண்டு ஒன்று. இவை பூட்டும் பிடிகளும் ஸ்பிரிங் இருக்கைகளும் கரிப்பின் தளத்தோடுதான் இருக்கின்றன. ஆகவே அந்தத் தளத்தையே துண்டாக எடுத்து வையுங்கள். புதிதாகப் பிடி அடித்து ஒட்டுவது எனக்குப் பிடிக்காத வழி, ஒரு கோணம் பிசகினாலும் வண்டி நேரே ஓடாது.

கம்பனி போட்ட ஸ்பொட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்துக் கழற்றுங்கள். திரும்ப ஒட்டும்போது அதே துளைகளை நிரப்பி ஒட்டலாம். மிக் வெல்டிங்தான் வேண்டும். காஸ் வெல்டிங் மெல்லிய தகட்டை வளைத்துவிடும். ஒட்டுவதற்கு முன் பெற்றோல் தாங்கியைக் காரிலிருந்தே அகற்றித் தூரத்தில் வையுங்கள். வெறுமையான தாங்கியில் நிற்கும் ஆவி, நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது. பற்றரியையும் கழற்றுங்கள். நான்கு மூலைக்கும் ஒரு சிறு ஒட்டு மட்டும் வைத்து, முன் சில்லு மையத்திலிருந்து எதிர்ப் பக்கப் பின் சில்லு மையம் வரை இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்த பிறகே முழுமையாக ஒட்டவேண்டும்.

போர்க்காலப் பெற்றோல் தட்டுப்பாட்டில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிக் காலம் தள்ளிய ஊர் இது. இந்த ஒட்டு வேலையை அழகாகச் செய்யக்கூடிய கைகள் இங்கே நிறைய உண்டு. அளவை மட்டும் நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். ஒட்டிய இடமெல்லாம் சிங்க் பிரைமர், உள்ளறைகளில் மெழுகு. உப்புக் காற்றுக்கு இது கட்டாயம்.

சாப்ட்

சாப்டின் இரு முனைக் கவைகளும் (மூட்டைப் பிடிக்கும் இரட்டை விரல்கள்) ஒரே கோட்டில் நிற்கவேண்டும். ட்ரான்ஸ்பர் முனையின் சாய்வும் பினியனின் சாய்வும் ஒத்திருக்கவேண்டும். கைப்பேசியின் கோணமானியே போதும். வண்டி நிலத்தில் தன் எடையோடு நிற்கும்போது அளந்து பாருங்கள், தூக்கி வைத்து அளந்தால் பயனில்லை. நீளத்தை மாற்றினால் லேத்தில் கொடுத்து பலன்ஸ் பார்த்தே பூட்டவேண்டும். பின் டிபரன்சலுக்கு ஜீஎல்-5 ஓயில்.

பிறகு சேர்த்தது

பலர் கேட்டது: தார் வீதியில் லொக் போடலாமா? கூடாது. திரும்பும்போது முன் சில்லும் பின் சில்லும் வேறு வேறு தூரம் ஓடும், முறுக்கு ஏறிவிடும். மணலிலோ சேற்றிலோ போட்டு, ஏறியதும் எடுத்துவிடுங்கள். இன்னொன்று, கார் பழுதானால் முன் சில்லை மட்டும் தூக்கி இழுத்துக்கொண்டு போக விடாதீர்கள். நான்கு சில்லும் லொறியில் ஏறவேண்டும்.