வளர்ப்புப் பாம்புக்கு உயிர் இரை கொடுப்பது எப்படி: பாம்புக்குக் காயமில்லாமல், கைக்குக் கடியில்லாமல்

பசியில்லாத பாம்போடு ஓர் எலியை ராத்திரி முழுக்க ஒரே பெட்டியில் விட்டுவைத்தால், காலையில் காயத்தோடு கிடப்பது பெரும்பாலும் பாம்புதான். எலிக்குப் பசிக்கும், தாகம் எடுக்கும், பயமும் இருக்கும். பக்கத்தில் அசையாமல் கிடக்கும் உடம்பைக் கொறிக்க ஆரம்பித்துவிடும். தோலும் தசையும் போய் முதுகெலும்பு தெரியும் நிலையில் மருத்துவரிடம் கொண்டுவரப்படும் பாம்புகள் உண்டு. பாம்பு திருப்பிக் கடிக்காதா என்றால், கடிக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பசியில்லாத, உடம்பு குளிர்ந்த, மிரண்டுபோன பாம்பு சுருண்டு தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பால் பைத்தானுக்கு (Ball Python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் சின்ன மலைப்பாம்பு இனம்) இது பிறவிக் குணம்.

அதனால் உயிர் இரை கொடுப்பதில் கவனிக்க வேண்டியது முக்கியமாக ஒன்றுதான். எலி ஓடித் திரிய, பாம்பு அதைக் கண்டுகொள்ளாமல் கிடக்கும் நேரத்தை முடிந்தவரை குறைக்க வேண்டும். கீழே வரும் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை அதற்காகத்தான்.

உறைய வைத்து, உருக்கிச் சூடாக்கிய எலியை எடுத்துக்கொள்ளும் பாம்புக்கு உயிர் இரை தேவையே இல்லை. அசைவைப் பார்த்தால் மட்டுமே வாய் வைக்கும் குஞ்சுகளுக்கும், காட்டில் பிடிபட்டு வந்து செத்த இரையைத் தொடாத பெரிய பாம்புகளுக்கும், நீண்ட பட்டினிக்குப் பிறகு மறுபடி சாப்பிடப் பழக்க வேண்டியவற்றுக்கும்தான் இது தேவைப்படுகிறது. இங்கே சொல்வது பால் பைத்தான், போவா, கார்ன் ஸ்நேக், கிங் ஸ்நேக் போன்ற, இரையை இறுக்கிக் கொல்லும் விஷமில்லாத பாம்புகளுக்கு. விஷப் பாம்புகளுக்கு இந்த முறை பொருந்தாது. உயிருள்ள முதுகெலும்புள்ள பிராணியை இரையாகக் கொடுப்பதற்குச் சட்டத்தில் கட்டுப்பாடு உள்ள நாடுகளும் இருப்பதால், உங்கள் ஊர் விதியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த எலி, எவ்வளவு பெரியது

பாம்பின் உடம்பில் மிகப் பருமனான இடத்தை அளந்துகொள்ளுங்கள். செத்த இரை அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை. உயிர் இரை மட்டும் அந்தப் பருமனைத் தாண்டவே கூடாது, ஒரு அளவு குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. பெரிய எலியைப் பாம்பு விழுங்கிவிடும்தான், ஆனால் அது சாவதற்கு முன் போராடும் நேரமும் கடிக்கும் வலுவும் கூடுதல். பெரிய எலி ஒன்றுக்குப் பதிலாகச் சின்னது இரண்டு கொடுப்பதென்றால், முதலாவதை விழுங்கி முடித்த பிறகே இரண்டாவதை விட வேண்டும். இரண்டையும் ஒன்றாக விட்டால், ஒன்றை இறுக்கிக்கொண்டிருக்கும் பாம்பை மற்றது கடிக்கும்.

எடைக் கணக்கு இன்னும் துல்லியமானது. முதல் வருடத்துப் பால் பைத்தானுக்கு அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம், வளர்ந்ததற்கு 5 சதவீதம் சுமார். சமையலறைத் தராசு போதும், ஆனால் அதை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.

கண் திறக்காத, ரோமம் முளைக்காத எலிக் குஞ்சுக்குப் பிங்கி என்று பெயர். அதற்குப் பல் இல்லை என்பதால் பாம்புக்கு ஆபத்தில்லை. மெல்லிய ரோமம் வந்தது ஃபஸ்ஸி. கண் திறந்து துள்ளத் தொடங்கியது ஹாப்பர். சுண்டெலிக்கு ஏறக்குறைய பன்னிரண்டு முதல் பதினான்கு நாளில் கண் திறக்கும், அதற்குள் வெட்டுப்பற்களும் வெளியே வந்திருக்கும். ஹாப்பரில் தொடங்கி மேலே உள்ள எந்த இரையையும் கண்காணிப்பில்லாமல் விடக்கூடாது. பெரிய எலி இனம் சுண்டெலியைவிடப் பலமடங்கு அபாயம்.

வீட்டிலோ தெருவிலோ பிடித்த எலி வேண்டவே வேண்டாம். அது எலி மருந்து தின்றிருக்கலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தைத் தின்ற எலி சில நாள் வரை நன்றாக ஓடியாடும், பார்த்தால் தெரியாது. ஒட்டுண்ணியும், எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமியும் கூடவே வரலாம். இரைக்கென்றே வளர்த்த எலியை வாங்குங்கள்.

இரையை விடுவதற்கு முன்

பாம்பின் கண் பால் நிறமாக மங்கியிருந்தால் சட்டை உரிக்கும் வரை பொறுங்கள். அந்த நாட்களில் அதற்குப் பார்வை தெளிவாக இருக்காது, குறி தவறும். வாயில் சளி, மூச்சில் சத்தம், முந்தைய இரையைக் கக்கியது, இவற்றில் ஏதாவது இருந்தாலும் உயிர் இரை கூடாது.

கூண்டின் சூடான பக்கத்தைத் தெர்மோமீட்டரால் பாருங்கள். பால் பைத்தானுக்கு அங்கே 31 முதல் 32 டிகிரி செல்சியஸ், எதிர்ப் பக்கம் 25 முதல் 27 இருக்க வேண்டும். சூடேற்றும் கருவி நின்றுபோய்ச் சில மணி நேரம் குளிர்ந்திருந்த கூண்டென்றால் அன்றைக்கு இரையைத் தள்ளிப்போடுங்கள். குளிர்ந்த பாம்பு மெதுவாகத்தான் பாயும், பிடியும் தளர்ந்திருக்கும், விழுங்கினாலும் செரிக்காமல் கக்கிவிடும்.

எலியின் வயிறு நிறைந்திருக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் சில மணி நேரம் அதற்குத் தீனியும் தண்ணீரும் வைத்து அமைதியான இடத்தில் விட்டுவையுங்கள். பசியும் தாகமும்தான் எலியைக் கொறிக்கவைக்கின்றன. அதோடு, மிரண்டு துள்ளும் எலியைப் பார்த்தால் கூச்சமுள்ள பாம்பு பின்வாங்கிவிடும். சில நிமிடங்களில் சாகப்போகும் பிராணிதானே என்று அலட்சியம் காட்டாதீர்கள். அதை நிதானமாக வைத்திருப்பது அதற்கும் நல்லது, பாம்புக்கும் நல்லது.

கூண்டிலிருந்து தண்ணீர்த் தொட்டியையும் கிளைகளையும் எடுத்துவிடுங்கள். மரத்தூள், பட்டைத்தூள் மேல் ஒரு தாளை விரித்தால் இரையோடு தூள் வாய்க்குள் போகாது. ஒளிவிடம் ஒன்று மட்டும் இருக்கட்டும். பால் பைத்தான் ஒளிந்திருந்து பாய்வதைத்தான் விரும்பும். ஆனால் அது கொக்கியால் சட்டென்று தூக்கிவிடக்கூடியதாக இருக்க வேண்டும். எலி ஒளிவிடத்துக்குள் நுழைந்து பாம்பை மூலையில் மடக்கினால் ஒரு நொடியும் தாமதிக்காமல் தூக்குங்கள்.

இரை எடுப்பதற்கென்று தனிப் பெட்டிக்கு மாற்றலாமா? துணிச்சலான கார்ன் ஸ்நேக்குக்கு அது சரிப்படும். எலி ஒளிய இடமில்லை என்ற லாபமும் உண்டு. கூச்சமுள்ள பாம்பு இடம் மாறியதும் சாப்பாட்டையே மறந்துவிடும், அதைச் சொந்தக் கூண்டிலேயே விடுங்கள். ஒரே கூண்டில் இரண்டு பாம்பு இருந்தால் கட்டாயம் பிரிக்க வேண்டும். ஒரே எலியை இரண்டும் கவ்வினால் ஒன்று மற்றதையே விழுங்கப் பார்க்கும்.

கையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை: 30 முதல் 45 சென்டிமீட்டர் நீளமுள்ள இடுக்கி, பாம்புக் கொக்கி, விரல் தடிமனில் ஒரு மரக்குச்சி அல்லது மரக்கரண்டி, எலியைக் கவிழ்த்து மூட ஒளி ஊடுருவும் ஒரு டப்பா, அதன் அடியில் செருக ஒரு கெட்டி அட்டை, தடித்த கையுறை.

விடும் நேரம்

இரவில் நடமாடும் பாம்புக்கு விளக்கைத் தணித்து, மாலை மங்கிய பிறகு கொடுங்கள். எலியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் கூண்டைத் திறக்க வேண்டும். எலி வாடை வரும் கையைப் பாம்பு இரையென்றே நினைக்கும்.

முதலில் பாம்புக்கு உண்மையிலேயே பசிதானா என்று பாருங்கள். எலி இருக்கும் டப்பாவைக் கூண்டுக்கு வெளியே, வாடை போகும் தூரத்தில் சில நிமிடம் வையுங்கள். நாக்கு வேகமாக வெளியே வந்து போனால், தலை வாடையின் திசைக்குத் திரும்பினால், கழுத்து எஸ் வடிவில் மடிந்து நின்றால் பசி இருக்கிறது. சுருண்ட நிலை மாறவே இல்லையென்றால் அன்றைக்கு எலியை உள்ளே விடாமல் திருப்பி எடுத்துப் போங்கள். பெரும்பாலான காயங்களை இந்த ஒரு சோதனையே தடுத்துவிடும்.

எலியை வாலின் அடியில், உடம்போடு சேரும் இடத்தில் பிடியுங்கள். நுனியைப் பிடித்தால் வால் தோல் உரிந்துவிடும். பாம்பின் தலைக்கு எதிரே ஓர் அடி தள்ளி, அது பார்க்கும் திசையில் மெதுவாக இறக்குங்கள். மேலே போடக் கூடாது, வால் பக்கமாகவும் விடக் கூடாது.

பாம்பு பாய்ந்த நொடியிலிருந்து உங்கள் கண் ஒன்றையே பார்க்க வேண்டும்: எலியின் வாய் எங்கே இருக்கிறது? தலையிலோ தோளிலோ கவ்வி, சுருள் நெஞ்சைச் சுற்றி விழுந்திருந்தால் நல்ல பிடி. போவாக்களை வைத்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, இறுக்கத்தில் எலி சாவது மூச்சுமுட்டி அல்ல, சில நொடிகளிலேயே ரத்த ஓட்டம் நின்றுபோவதால் என்று காட்டியது. பிடி சரியாக இருந்தால் சாவு சீக்கிரம் வரும்.

இடுப்பையோ பின்காலையோ கவ்வியிருந்தால் எலியின் தலை வெளியே நிற்கும். அது திரும்பிப் பாம்பின் கழுத்தையும் கண்ணையும் தேடும். அப்போது மரக்குச்சியைக் குறுக்காக எலியின் வாய்க்கு முன்னே கொண்டுபோங்கள், அது குச்சியைக் கவ்விக்கொள்ளும். இறுக்கம் முடியும்வரை அப்படியே பிடித்திருங்கள். தேவைப்பட்டால் இடுக்கியால் எலியின் பிடரியைப் பிடித்துத் தலையைப் பாம்பிலிருந்து விலக்குங்கள். பாம்பையோ எலியையோ பிடித்து இழுக்காதீர்கள். பாம்பின் பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுத்தால் பல் உடையும், ஈறு கிழியும்.

எலி அசைவற்ற பிறகும் பாம்பு சில நிமிடம் இறுக்கியபடி இருக்கும். பிறகு பிடியைத் தளர்த்தித் தலையைத் தேடி எலியின் மேல் மூக்கால் உரசிக்கொண்டே போகும். வழி தெரியாமல் தடுமாறுவது போலத் தோன்றும், தொந்தரவு செய்யாதீர்கள். இந்தக் கட்டத்தில் எலியின் விலா அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். மூச்சு இருந்தால் குச்சியோடு தயாராக இருங்கள். எலியின் வால் நுனி பாம்பின் வாய்க்குள் மறையும்வரை இடத்தைவிட்டு நகரக் கூடாது.

கால் மணி நேரம், அதிகம் போனால் இருபது நிமிடம். அதற்குள் பாம்பு பாயவில்லையென்றால் எலியை எடுத்துவிடுங்கள். டப்பாவைக் கவிழ்த்து, அட்டையை அடியில் செருகி, அப்படியே தூக்கினால் பாம்புக்கும் எலிக்கும் நடுவே கை போக வேண்டியதில்லை. அடுத்த முயற்சி ஐந்து முதல் ஏழு நாள் கழித்து. மறுநாளே மறுபடி விட்டால் பாம்பின் மிரட்சிதான் கூடும். பால் பைத்தான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது அரிதல்ல. வாரம் ஒருமுறை எடை பாருங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் போங்கள்.

விழுங்கிய பிறகு 48 மணி நேரம் பாம்பைக் கையில் எடுக்கக் கூடாது. கக்கிவிட்டால் இரண்டு வாரம் வயிற்றுக்கு ஓய்வு, அடுத்த இரை வழக்கத்தில் பாதி அளவு.

கடி பட்டுவிட்டால்

எலியின் பல் நீளமானது, மெல்லியது. வெளியே ஊசிமுனை அளவு ஓட்டை தெரியும், உள்ளே தசைவரை போயிருக்கும். பாம்பின் சீழ் நீராக ஒழுகாமல் கெட்டியாக உறைவதால் தானாக வடியாது. சில நாளில் அங்கே கட்டி எழும்பினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். மேலோட்டமான கீறலை உப்புக் கரைசலால் கழுவி, போவிடோன் அயோடினைத் தண்ணீரில் கலந்து வெளிறிய தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்து தடவுங்கள். ஆறும்வரை கூண்டில் தூளுக்குப் பதில் வெறும் தாள், வெப்பம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண், வாய், முதுகெலும்புப் பக்கம், செதில் கிழிந்து தசை தெரியும் இடம் என்றால் அன்றே மருத்துவரிடம். மனிதர்களுக்கான வலிநிவாரணி கலந்த களிம்பைப் பூசாதீர்கள்.

உங்களை எலி கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு காய்ச்சலோ, மூட்டு வலியோ, தோலில் தடிப்போ வந்தால் எலி கடித்ததை மறக்காமல் சொல்லுங்கள். பாம்பும் எலியும் சால்மொனெல்லா கிருமியைச் சுமப்பவை, பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம்.

எலி அல்லாத இரை

மீனும் புழுவும் தின்னும் சின்னப் பாம்பான கார்டர் ஸ்நேக்குக்கு மீன் விடும்போது ஆழமில்லாத தட்டில், மீனின் முதுகு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் போதும். கப்பி, பிளாட்டி போன்ற சின்ன மீன்கள் ஏற்றவை. கோல்டுஃபிஷ் வேண்டாம். அதில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி பி1 வைட்டமினை அழிக்கும், தொடர்ந்து கொடுத்தால் பாம்புக்கு வலிப்பு வரும். சாதாரண மண்புழு நல்லது, மட்கு உரத் தொட்டியில் வளர்க்கும் சிவப்புப் புழு ஆகாது. பூச்சி தின்னும் அமெரிக்கப் பச்சைப் பாம்புக்குப் (green snake) போடும் சிள்வண்டில் (cricket) மீந்ததை அன்றே பொறுக்கி எடுங்கள். சட்டை உரிக்கும் பாம்பை அவையும் கொறிக்கும்.

செத்த இரைக்கு மாற்றுவது

பாம்பு ஒழுங்காக இரை எடுக்கத் தொடங்கியதும் மாற்ற ஆரம்பிக்கலாம். வழக்கத்தைவிடச் சின்ன உயிர் எலி ஒன்றைக் கொடுங்கள். அதை விழுங்கி முடித்து நாக்கை நீட்டித் தேடும்போது, இடுக்கியில் பிடித்த செத்த எலியை வாய்க்கு முன்னே லேசாக அசைத்துக் காட்டுங்கள். அந்த வேகத்தில் பல பாம்புகள் கவ்விவிடும். உறைந்த எலியை முந்தைய இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் உருக வைத்து, பையோடு சூடான தண்ணீரில் போட்டு, தலைப்பக்கம் 38 டிகிரிக்கு வந்ததும் துடைத்துக் கொடுக்க வேண்டும். மைக்ரோவேவில் வைத்தால் ஒரு பக்கம் வெந்து வயிறு வெடிக்கும். உயிருள்ள எலியை உறைபெட்டியில் போட்டுக் கொல்வது சித்திரவதை, செய்யாதீர்கள். முறையாகக் கொன்று உறைய வைத்ததையே வாங்குங்கள்.

முதல் நாள் தொடாவிட்டால் எலியை ஒளிவிடத்தின் வாசலில் வைத்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போகலாம், செத்த எலி யாரையும் கடிக்காது. காலையிலும் அப்படியே கிடந்தால் குப்பையில் போடுங்கள், திரும்ப உறைய வைக்கக் கூடாது.