பல்லுக்கும் கண்ணுக்கும் காப்பீடு: ஓய்வு பெற்றவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றி மாலையில் நடக்க வரும் பென்ஷன்தாரர்கள் பலர் என்னிடம் காப்பீட்டுத் தாள்களைக் கொடுத்துப் படித்துச் சொல்லக் கேட்பார்கள். அதிகம் வரும் கேள்வி ஒன்றுதான்: "கார்டு இருக்கே சார், பல்செட் கட்டினா பணம் வருமா?"

வராது. அரசு ஓய்வூதியருக்கான மருத்துவக் காப்பீட்டுக்கு மாதாமாதம் பிடித்தம் செய்கிறார்கள், உண்மை. ஆனால் அது பட்டியலில் உள்ள மருத்துவமனையில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு மட்டும். தனியாக வாங்கும் பாலிசியும் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் வைத்தியத்துக்கானது. 70 வயதைத் தொட்டவர்களுக்கு வருமானம் பாராமல் ஆண்டுக்கு 5 லட்சம் வரை தரும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையும் (2024 அக்டோபரில் வந்தது) அப்படித்தான். நாற்காலியில் சாய்ந்து செய்துகொள்ளும் ரூட் கேனல், கேப், பல்செட், கடையில் வாங்கும் மூக்குக்கண்ணாடி எல்லாம் கைக்காசுதான். கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து பல் உடைந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் மட்டும் நிலைமை வேறு. பல பாலிசிகள் கொடுக்கும். அப்போது ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.

இது தெரிந்தவுடன் சிலர் பல், கண் இரண்டுக்கும் சேர்த்து ஓ.பி. ரைடர் (ஆஸ்பத்திரியில் சேராமல் பார்க்கும் வைத்தியத்துக்கு, பாலிசியோடு கூடுதலாக வாங்கும் இணைப்பு) வாங்கக் கிளம்புகிறார்கள். வாங்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். கூடுதல் பிரீமியம் 4,000 ரூபாய், வருடத்துக்குத் தரும் உச்சவரம்பு 5,000 ரூபாய், அதுவும் அவர்கள் சொல்லும் கிளினிக்கில் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கிளினிக் திருச்சியில் இருந்தால் மன்னார்குடிக்காரருக்கு அதனால் என்ன லாபம்? அதே 4,000 ரூபாயை வருடாவருடம் தபால் ஆபீஸில் போட்டு வைக்கலாம் என்பேன். வெற்றிலை, சீவல் போட்டே பழகிய வாய்க்குச் செலவு எப்படியும் வரும். புதுக்கோட்டையில் 2023 முதல் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சிதம்பரத்திலும் ஒன்று உண்டு. இவற்றைக் கேட்டுப் பார்க்காமலே தனியாரிடம் கடன் வைக்கிறோம்.

இனி கண்புரை. காப்பீடு உண்மையிலேயே கைகொடுப்பது இங்கேதான். பெரிய தவறுகள் நடப்பதும் இங்கேதான். காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் ஆபரேஷன் என்றாலும் டே கேர் கணக்கில் பணம் உண்டு. ஆனால் புதிதாக பாலிசி எடுத்தால் கண்புரைக்குப் பொதுவாக 2 வருடம் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே இருந்த நோய் என்றால் 3 வருடம் வரைகூடப் போகலாம். பார்வை மங்கிய பிறகு பாலிசி தேடுவதுதான் எல்லோரும் செய்வது. அதைவிடக் கெடுதல், மங்கலை மறைத்து எழுதுவது. நண்பர் ஒருவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் "மூன்று ஆண்டுகளாகப் பார்வைக் குறைவு" என்று ஒரே ஒரு வரி இருந்தது. பாலிசி எடுத்து 26 மாதம்தான் ஆகியிருந்தது. விண்ணப்பத்தில் கண் பற்றிய கேள்விக்கு ஏஜென்ட் "இல்லை" என்று டிக் அடித்திருந்தார். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. விண்ணப்பத்தை நீங்களே படித்து, நீங்களே நிரப்புங்கள். பாலிசி கைக்கு வந்ததும் 30 நாள் அவகாசம் இருக்கிறது, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம்.

அடுத்தது லென்ஸ். பெரும்பாலான பாலிசிகளில் ஒரு கண்ணுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு. இது தெரியாமல், கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருக்கும் நேரத்தில், "மல்டிஃபோகல் போட்டுக்கலாமா, கண்ணாடியே வேண்டாம்" என்று கேட்டால் தலையாட்டி விடுகிறோம். வித்தியாசத் தொகை முழுக்க நம் தலையில் விழும். முதல் நாளே மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: லென்ஸின் பெயர், அதன் விலை, காப்பீடு போக நாம் கட்ட வேண்டியது. சாதாரண மோனோஃபோகல் லென்ஸில் தூரப் பார்வை நன்றாகவே வரும், படிக்க மட்டும் கண்ணாடி தேவைப்படும். அதுவே போதும் என்பவர்களுக்கு அரசு மருத்துவமனையில் இலவசமாகவே வைக்கிறார்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் விழித்திரைக்குப் போடும் ஊசியை "ஓ.பி.தானே" என்று கிளெய்ம் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். காப்பீட்டில் சேர்க்க வேண்டிய நவீன சிகிச்சைகளின் பட்டியலில் அந்த ஊசியும் இருக்கிறது. உங்கள் பாலிசியில் அதற்கு எவ்வளவு வரம்பு என்று கேளுங்கள்.

தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில், இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் நோயாளிகளின் விவரத்தாள்கள் படத்தோடு இன்றும் பத்திரமாக இருக்கின்றன. நம் வீட்டிலும் கண் சீட்டு, பல் பில் எல்லாவற்றுக்கும் ஒரு ஃபைல் இருக்கட்டும். 60 வயது தாண்டி, மருத்துவக் காப்பீடே இல்லாதவர்கள் பழைய வருமான வரி முறையில் இருந்தால், பல் வைத்தியச் செலவையும் சேர்த்து வரிக்கு உட்பட்ட வருமானத்தில் 50,000 ரூபாய் வரை கழிக்கலாம். ஆனால் ரொக்கமாகக் கொடுத்தது செல்லாது. செக்கிலோ ஜிபேயிலோ கொடுத்து பில் வாங்குங்கள்.

கம்பெனி மாற்ற நினைத்தால் பழையதை விட்டுவிட்டுப் புதிது எடுக்காதீர்கள். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே போர்ட்டபிலிட்டி (இருக்கும் பாலிசியையே வேறு கம்பெனிக்கு மாற்றுவது) கேட்டால், காத்திருந்த வருடங்கள் கணக்கில் வரும்.

கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) ஒரு வருடத்துக்குள் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். காரைக்கால்காரர்களுக்கும் அதே அலுவலகம்தான்.