இங்கிலாந்தின் பழைய கிராமத் தேவாலயம்: எந்தச் சுவருக்கு எத்தனை வயது?

ஒரே காலத்தில் கட்டி முடித்த கிராமத் தேவாலயம் இங்கிலாந்தில் அபூர்வம். அதனால் கட்டடத்துக்கு மொத்தமாக ஒரு வயது சொல்ல முயலாதீர்கள். சுவர் சுவராகப் பாருங்கள். ஒரு டேப், ஒரு டார்ச் போதும்.

முதலில் வெளியே ஒரு சுற்று. மூலைக்கற்கள் ஒன்று நெட்டாக, அடுத்தது படுக்கையாக மாறி மாறி வந்தால் ஆங்கிலோ-சாக்ஸன் வேலை, அதாவது 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முந்தைய பாணி. நார்த்தாம்ப்டன்ஷயரில் உள்ள ஏர்ல்ஸ் பார்ட்டன் தேவாலயக் கோபுரத்தில் இது தெளிவாகத் தெரியும். ஹெர்ஃபோர்ட்ஷயரின் கில்பெக் தேவாலயம் ஏறக்குறைய 1140இல் எழுந்த நார்மன் கட்டடம். கூரை விளிம்புக்குக் கீழே 85 செதுக்குக் கற்கள் மிஞ்சியிருக்கின்றன. ஒன்றில் வேட்டைநாயும் முயலும் தோழர்கள்போல் ஒட்டிக்கொண்டு நிற்கும். அங்கேயும் மக்கள் கூடும் நடுக்கூடத்தின் வடகிழக்கு மூலை மட்டும் சாக்ஸன் காலத்தது. வாசலில் சுவரின் கனத்தையும் அளந்துகொள்ளுங்கள். சாக்ஸன் சுவர் பெரும்பாலும் 90 செ.மீ.க்குள் இருக்கும், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

அடுத்து ஜன்னல்கள். அரைவட்டத் தலையுடன் சிறியதாக இருந்தால் நார்மன், சுமார் 1190 வரை. ஒல்லியான கூர்முனை ஜன்னல் 13ஆம் நூற்றாண்டு. கல்லில் வளைந்தோடும் பின்னல் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கல் கம்பிகள் நேராக உச்சிவரை ஏறினால் அதற்குப் பிந்தையது. 1817இல் கட்டடக் கலைஞர் தாமஸ் ரிக்மன் வகுத்த இந்த வரிசையே இன்றும் கைகொடுக்கிறது.

பெரும்பாலானவர்கள் சறுக்குவதும் இங்கேதான். ஜன்னலின் வயது சுவரின் வயது ஆகாது. வெளிச்சம் வேண்டிப் பழைய சுவரை உடைத்துப் பெரிய ஜன்னல் வைப்பது சகஜம். சுற்றியுள்ள கல்வரிசை குலைந்திருக்கிறதா, பாதி வெட்டுப்பட்ட பழைய வளைவு ஏதும் தெரிகிறதா என்று தேடுங்கள். விளிம்புகள் கத்திபோல் கூராக, எல்லாக் கல்லும் ஒரே சீராக இருந்தால் 19ஆம் நூற்றாண்டுப் புதுப்பிப்பு என்று சந்தேகப்படலாம். வாசல் சில இடங்களில் இதற்கு நேர்மாறு: நடுக்கூடத்தின் ஓரமாகப் பக்கக்கூடம் சேர்த்தபோது அழகான நார்மன் வாசலைக் கழற்றிப் புதுச் சுவரில் பொருத்தினார்கள். அங்கே வாசல் மூத்தது, சுவர் இளையது.

கோபுரத்தின் கிழக்கு முகத்தில், இப்போதைய கூரைக்கு மேலே கூம்பாக ஒரு தழும்பு தெரிந்தால், முன்பு செங்குத்தான கூரை இருந்தது என்று பொருள். அதே தழும்பு நடுக்கூடத்தின் உள்ளே தெரிந்தால் கூரையைப் பிற்காலத்தில் உயர்த்தியிருக்கிறார்கள்.

தெற்கு வாசல் பக்கத்தில் உள்ளங்கை அளவில், நடுவில் துளையும் அதிலிருந்து பிரியும் கீறல்களும் உண்டா பாருங்கள். பூசை நேரம் காட்டிய நிழற்கடிகாரம் அது. நேர் வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாது. டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். வெயிலே படாத வடக்குச் சுவரில் அது இருந்தால், கல் வேறெங்கிருந்தோ வந்தது.

உள்ளே, பலிபீடப் பகுதிக்குப் போகும் வளைவின் அருகே, உயரத்தில் எங்கும் போகாத ஒரு குட்டி வாசல் சில இடங்களில் இருக்கும். வளைவின் குறுக்கே பெரிய சிலுவை நின்ற உயர மேடைக்கு ஏறிய வழி அது. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் திருச்சபை கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த சீர்திருத்தத்தில் மேடை போய்விட்டது. பக்கக்கூடத்தின் தெற்குச் சுவரில், பூசைப் பாத்திரம் கழுவிய நீரை ஊற்ற வடிதுளையுள்ள மாடம் இருந்தால் அங்கும் ஒரு பலிபீடம் இருந்திருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சை மட்டும் சுரண்டாதீர்கள். அடியில் ஓவியம் இருக்கலாம்.

இங்கிலாந்தின் நிலங்களைக் கணக்கெடுத்த 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டில் தேவாலயம் குறிக்கப்படவில்லை என்பதால் அப்போது அது இல்லை என்று எழுதிவிடாதீர்கள். பதிவேடு வரிக்காக எழுதப்பட்டது. விட்டுப்போன தேவாலயங்கள் ஏராளம்.