ஓட்டுக்குக் காசு வேண்டாம் என்று வீடு முடிவெடுத்தால்

2016 மே மாதம் தஞ்சாவூர் சட்டமன்றத் தொகுதியில் வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்த புகாரில் தேர்தல் ஆணையம் தேர்தலையே ரத்து செய்தது. நவம்பர் 19-ஆம் தேதிதான் அங்கே ஓட்டுப் பதிவு நடந்தது. ஆணையத்தின் வேலை அது. வாசலுக்கு வரும் கவரை என்ன செய்வது என்பது வீட்டின் வேலை.

கவரோடு வருபவர் அநேகமாகத் தெரிந்தவர்: பங்காளி, மாமன் முறை, மகளிர் குழுவில் கூட இருக்கும் அக்கா. முகத்தை முறிக்கத் தயங்கித்தான் பலர் வாங்குகிறார்கள். வருகிற காலமும் அப்படி. டெல்டாவில் ஏப்ரல், மே என்றால் உளுந்து எடுத்து முடிந்து, ஜூன் 12 மேட்டூர் திறப்பை எதிர்பார்த்து வேலையில்லாமல் இருக்கிற நாட்கள். அதனால் வாங்கிய வீட்டைத் தெருவில் நின்று ஏசாதீர்கள். அது அநியாயம், அடுத்த முறை உங்களோடு சேர வேண்டியவர்களும் விலகிவிடுவார்கள்.

வேட்பாளர் பட்டியல் வந்ததுமே வீட்டில் ஓட்டுள்ள எல்லோரும் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். பணம், டோக்கன், சேலை, கூட்டத்துக்குப் போகும் கூலி எல்லாவற்றையும் பெயர் சொல்லிப் பேசுங்கள். கட்டுப்பாடு உடைவது இங்கேதான்: அப்பா மறுப்பார், மகன் டீக்கடையில் நாலு ஓட்டுக்கும் சேர்த்து வாங்கி வந்திருப்பான்.

அடுத்தது, கொண்டுவரப் போகிறவரிடம் முன்கூட்டியே சொல்வது. அவர் கையில் பாகம் வாரியாக வாக்காளர் பட்டியல் இருக்கும். வீட்டுக்கு வீடு டிக் அடிப்பார். "மாமா, கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டு நாலு ஓட்டுக்கும் கணக்கு எழுதாதீங்க. ஓட்டு கண்டிப்பா போடுவோம்." இவ்வளவு போதும். கட்சியைக் குறை சொல்ல வேண்டாம். சொன்னால் எதிர்க்கட்சிக்காரன் என்று பெயராகிவிடும். எல்லாக் கட்சிக்காரரிடமும் இதே வார்த்தைதான்.

அப்படியும் திண்ணையில் வைத்துவிட்டோ குழந்தை கையில் திணித்துவிட்டோ போனால், அன்றிரவே இருவராகப் போய் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். கோயில் உண்டியலில் போட்டுவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். பட்டியலில் உங்கள் டிக் அப்படியே இருக்கும். காசு வாங்கிய வீடுதான் நீங்கள். கற்பூரத்தின் மேலோ பிள்ளை தலையிலோ சத்தியம் கேட்டால் கையை நீட்டவே கூடாது.

"வாங்கிக்கிட்டு நம்ம இஷ்டத்துக்குப் போடுவோம்" என்பது கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். செய்கிறவர் இரண்டு பக்கமும் பொய்யராகிறார். சட்டத்திலும் தப்ப முடியாது: பாரதிய நியாய சன்ஹிதா 170-ஆம் பிரிவின்படி ஓட்டுக்காகக் கொடுப்பவர், வாங்குபவர் இருவருமே குற்றவாளி, 173-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

புகார் கொடுக்க சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் தேர்தல் ஆணையத்தின் செயலியில் சி-விஜில் என்ற வசதி உண்டு. படமோ வீடியோவோ செயலிக்குள்ளேயே எடுக்க வேண்டும். போனில் பழையதாக இருப்பதை ஏற்றாது. பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஏற்பாடு. 1950-க்கு போனும் செய்யலாம். உறவுக்காரரைக் காட்டிக்கொடுக்க மனம் வராவிட்டால் மறுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவே பெரிது.

யாருக்குப் போட்டோம் என்று தெரிந்துவிடுமோ என்ற பயம் காலனித் தெருக்களில் அதிகம். பூத்துக்குள் இருக்கும் ஏஜென்டுக்கு நீங்கள் வந்து போட்டது தெரியும், யாருக்கு என்பது தெரியாது. யாருக்குப் போட்டீர்கள் என்று ஓட்டு மெஷின் பக்கத்தில் அச்சாகும் விவிபேட் சீட்டு 7 விநாடி உங்களுக்கு மட்டும் தெரிந்து பெட்டிக்குள் விழுந்துவிடும். பூத் மொத்தக் கணக்கு பிறகு வெளியே வரும். அதில் தனி ஆளைப் பிரித்து எடுக்க முடியாது.

மறுத்ததன் பலன் கிராம சபையில் தெரியும். வாய்க்கால் தூர் வாரிய பில்லைக் கேட்டு எழுந்தால், "சும்மாவா போட்டே?" என்று உங்களை உட்காரவைக்க ஒருவராலும் முடியாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1: இந்த ஆறு நாளில் ஒன்றுக்குப் போய் வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். கேட்ட கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.