ஜோசியர் சொன்ன பூகம்பம்: நம்புகிற பெரியவரோடு வாதாடுவது எப்படி

எங்கள் குடும்ப வைபர் குழுவில் 32 பேர். பாதிக்கு மேல் ரங்கூன், கொஞ்சம் பேர் மணிப்பூர் எல்லையிலுள்ள மோரே, மீதி சென்னை. 2025 ஏப்ரல் இரண்டாம் வாரம் அதில் சித்தப்பா ஒரு டிக்டாக் வீடியோவைப் போட்டார். ஒரு ஜோசியர் பேசுகிறார்: ஏப்ரல் 21 அன்று பர்மாவின் எல்லா ஊர்களையும் பூகம்பம் தாக்கும், பகலில் உயரமான கட்டிடத்தில் இருக்காதீர்கள், ஆட்டம் வந்தால் முக்கியமான சாமானை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுங்கள். 30 லட்சம் தடவைக்கு மேல் பார்க்கப்பட்ட வீடியோ அது. மார்ச் 28 வெள்ளிக்கிழமை மதியம் வந்த 7.7 நிலநடுக்கத்தில் மண்டலேயும் சகாயிங்கும் இடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. செத்தவர்கள் 3,000க்கும் மேல். இடிபாட்டிலிருந்து இன்னும் உடல்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சென்னையிலிருந்து ஒரு தம்பி "சுத்தப் பேத்தல்" என்று எழுதி நாலு சிரிப்புப் பொம்மை போட்டான். ஒரு மணி நேரத்தில் இரண்டு அத்தைமார் குழுவை விட்டு வெளியேறிவிட்டார்கள். சித்தப்பா பேசவே இல்லை. அவருக்கு 71 வயது, எங்கள் கட்டிடத்தில் இரண்டாம் மாடி. நான் ஐந்தாம் மாடி. பத்தொன்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு இயற்பியல் ட்யூஷன் எடுக்கிறேன். அந்த இரண்டு வாரத்தில் அவரோடு நான் வாதாடிய விதத்தில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு சித்தப்பா இருப்பார்.

முதல் காரியம், குழுவிலிருந்து வெளியே வாருங்கள். குழுவை விட்டு விலகச் சொல்லவில்லை. வாதத்தை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது "நான் நினைத்தது தப்பு" என்று எழுத எந்தப் பெரியவருக்கும் விரல் வராது. நான் ஒரு ஃப்ளாஸ்க்கில் டீயை ஊற்றிக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன்.

அப்புறம், உடனே விளக்க ஆரம்பிக்காதீர்கள். ஏன் நம்புகிறார் என்று கேளுங்கள். சித்தப்பா சொன்ன பதில் பூகம்பத்தைப் பற்றியே இல்லை. 1964ஐப் பற்றி. அவருக்கு அப்போது பத்து வயது. மார்ச்சில் தாத்தாவின் மளிகைக் கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அதற்குச் சில நாள் முன்பே தெருவில் பேச்சு அடிபட்டதாம். "ரேடியோவில் சொல்லவில்லையே, வெறும் வதந்தி" என்று தாத்தா நோட்டுகளை அரிசிப் பானைக்குள்ளேயே வைத்திருந்தாராம். 1985இல் மறுபடியும் நோட்டு செல்லாமல் போனது. 1987 செப்டம்பரில் மூன்றாவது தடவை: 25, 35, 75 கியாட் நோட்டுகள், மாற்றிக்கொள்ளவும் வழி கிடையாது. அதற்குப் பிறகு புதிதாக வந்தவை 45, 90 கியாட் நோட்டுகள். இரண்டும் ஒன்பதால் வகுபடும். அப்போது நாட்டை ஆண்ட ராணுவத் தலைவர் நே வின்னுக்கு ஒன்பது ராசியான எண் என்பது ஊரறிந்த பேச்சு.

இந்த நாட்டின் சுதந்திரமே 1948 ஜனவரி 4, விடியற்காலை 4.20க்கு ஜோசியர்கள் குறித்துக் கொடுத்த நேரத்தில் வந்தது. அப்படிப்பட்ட ஊரில் வாழ்ந்து, வதந்தியை நம்பாததால் அப்பா காசை இழந்ததைப் பார்த்து வளர்ந்தவரிடம் போய் "ஜோசியத்தையா நம்புகிறீர்கள்?" என்று கேட்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் அனுபவத்தில் ரேடியோ பொய் சொன்னது, தெரு உண்மை சொன்னது. அதைக் காதுகொடுத்துக் கேட்காமல் நீங்கள் அடுத்த படிக்குப் போக முடியாது. எனக்கு அன்றைக்கு முழு ஃப்ளாஸ்க்கும் தீர்ந்தது.

இரண்டாம் நாள்தான் காகிதத்தை எடுத்தேன். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பூகம்பம் வரும் என்று ஒருவர் சொன்னால் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும்: எங்கே, எப்போது, எவ்வளவு பெரியது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது முன்னறிவிப்பு ஆகாது. பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவை அவர் கையில் கொடுத்து, அவரையே எழுதச் சொன்னேன். எங்கே? "எல்லா ஊரும்" என்று எழுதினார். எப்போது? "ஏப்ரல் 21." எவ்வளவு பெரியது? பேனா நின்றுவிட்டது. "ஜனங்கள் வீட்டை விட்டு ஓடுகிற அளவு" என்றார்.

இங்கேதான் பொறுமையாக நிற்கவேண்டும். 7.7 மாதிரி ஒன்று வந்த பிறகு பின்னதிர்வுகள் மாதக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். முதல் ஆட்டம் வந்து 12 நிமிடத்திலேயே 6.7 அளவில் ஒன்று வந்தது. நாள் ஆக ஆக எண்ணிக்கை குறையும், சட்டென்று நிற்காது. ஓமோரி என்ற ஜப்பானிய விஞ்ஞானி 1894இலேயே இதைக் கணக்காக எழுதிவைத்தார். அதனால் ஏப்ரல் 21 என்றில்லை, எந்தத் தேதியைச் சொன்னாலும் அன்றைக்கு எங்காவது சின்னதாக ஓர் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். அளவை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் எது நடந்தாலும் ஜோசியர் ஜெயித்துவிடுவார்.

சித்தப்பாவுக்கு இது புரிந்தது. எண் என்ன போடலாம் என்று பேசினோம். அளவுகோலில் ஒரு படி ஏறினால் வெளியாகிற சக்தி ஏறக்குறைய 32 மடங்கு என்று சொன்னேன். அப்போது நாலுக்கும் ஆறுக்கும்? இரண்டு படி, 32ஐ 32ஆல் பெருக்க வேண்டும், ஆயிரம் மடங்குக்குப் பக்கம். காகித ஓரத்தில் அவரே பெருக்கிப் பார்த்தார், 1024. "அப்படியானால் ஆறு என்று போடு" என்றார். 6க்கு மேல் என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகினோம். தேதிக்கு முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு தாள், தேதிக்குப் பின்னால் நடக்கிற நூறு வாதத்தை மிச்சப்படுத்தும்.

பிறகு அவர் கேட்ட கேள்விக்கு நீங்களும் தயாராக இருங்கள். "உன் விஞ்ஞானத்தால் நாள் சொல்ல முடியாது என்றால் அது எதற்கு?" நியாயமான கேள்வி. "முடியாது, முடியாது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் நம் பக்கம் வெறுங்கையாகத் தெரியும். என்ன தெரியும் என்பதைச் சொல்லவேண்டும். சகாயிங் பிளவு என்கிற நிலப் பாறை வெடிப்பு இந்த நாட்டை வடக்கிலிருந்து தெற்காக அறுத்துக்கொண்டு போகிறது. 1930 மே மாதம் அதே பிளவுதான் பெகு நகரத்தை நாசமாக்கியது. ஷ்வேமோடோ பகோடா சரிந்தது அப்போதுதான், இங்கே ரங்கூனிலும் ஆட்கள் செத்தார்கள். அந்தப் பிளவில் நடுப் பர்மாப் பகுதி ரொம்பக் காலமாக அசையாமல் கிடக்கிறது, அங்கே 7.9 வரைக்கும் ஒன்று வரலாம் என்று 2011இலேயே ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. இடம் சொன்னார்கள், அளவு சொன்னார்கள். நாள் சொல்லவில்லை, சொல்ல முடியாது என்பதால். பெரிய நிலநடுக்கம் எதையும் இதுவரை எந்த விஞ்ஞானியும் நாள் குறித்துச் சொன்னதில்லை.

சித்தப்பாவுக்கு நான் சொன்ன உதாரணம் தென்னை மரம். நெற்று முற்றிவிட்டது என்று அண்ணாந்து பார்த்தால் தெரியும். அடியில் கட்டில் போடாதே என்று சொல்லலாம். எந்த ராத்திரி விழும் என்று சொல்ல முடியாது. 2011இல் அண்ணாந்து பார்த்தவர்கள் சொன்னதை யாரும் 30 லட்சம் தடவை பார்க்கவில்லை. எனக்கு அதில் இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

பூகம்பப் படங்கள் என்று வந்தவற்றில் கணினி வரைந்த பொய்ப் படங்களும் நிறைய. கடைப் பலகையில் இருக்கிற பர்மிய எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். படிக்க முடியாத கோணல் வட்டங்களாக இருந்தால் அனுப்பாதீர்கள். அவ்வளவுதான், இதற்கு மேல் அதில் வாதம் தேவையில்லை.

21ஆம் தேதி திங்கட்கிழமை. அன்றைக்கு மேலே என் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இரண்டு வாரப் பேச்சும் வீணாகியிருக்கும். பாயும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு நானும் கீழே போனேன். சந்தில் ஏற்கெனவே ஏழெட்டுக் குடும்பங்கள். ஏப்ரல் வெயில், சுவரோரம் ஒரு முழ நிழல், அதிலே குழந்தைகளை வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். யாரையும் பார்த்துச் சிரிக்கத் தோன்றவில்லை. மண்டலேயைப் பார்த்தவர்கள் அவர்கள். சாயங்காலம் ஆனது, ஒன்றும் நடக்கவில்லை, பாயைச் சுருட்டினோம். "பார்த்தீர்களா?" என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். தாள் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது, அது போதும்.

ஆனால் மறுநாள் அந்த ஜோசியரை மோனிவாவில் அவர் வீட்டிலேயே வைத்துப் பிடித்துவிட்டார்கள். பொய்ப் பேச்சால் மக்களைப் பீதிக்குள்ளாக்கினார் என்று வழக்கு. காலையில் குழுவைத் திறந்தால் எல்லாம் தலைகீழ். "பொய் என்றால் எதற்குப் பிடிக்கவேண்டும்? நெருப்பில்லாமல் புகையுமா?" சித்தப்பாவும் கட்டைவிரல் தூக்கியிருந்தார்.

அந்தத் தாளின் பின்பக்கத்தில் இரண்டு கேள்வி எழுதினேன். ஒன்று: அவர் சொன்னது நடந்ததா? இரண்டு: சொன்னதற்காக அவரைப் பிடித்தது சரியா? இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவதுதான் இப்படிப்பட்ட எல்லாச் சண்டைக்கும் வேர். தடுப்பூசி என்றாலும் சரி, தேர்தல் என்றாலும் சரி, இரண்டு கேள்வியையும் பிரித்துத் தனித்தனி வரியில் எழுதிவிடுங்கள். முதல் கேள்விக்கு 21ஆம் தேதி சாயங்காலமே பதில் வந்துவிட்டது. 22ஆம் தேதி போலீஸ் வந்ததால் அது மாறாது. இரண்டாவது கேள்விக்கு என் பதில், சரியில்லை என்பதுதான். தப்பான ஜோசியத்துக்கு மருந்து 21ஆம் தேதியே. அது தானாக வந்து போனது. சிறையில் போட்டதும் தோற்ற ஜோசியம் மறுபடி எழுந்து உட்கார்ந்துகொண்டது.

சித்தப்பாவுக்கு இது எங்கே உறைத்தது தெரியுமா? பழைய பத்திரிகைகளை நினைவுபடுத்தியபோது. 2012 ஆகஸ்ட் 20 வரைக்கும் இங்கே எதை அச்சடித்தாலும் முதலில் தணிக்கைக்குக் காட்டவேண்டும். ஒரு காலத்தில் பிடிக்காத பத்தி மேல் வெள்ளி மை பூசி விற்றார்கள். அவர் வாலிபத்தில் அந்தப் பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பிடித்துப் படிப்பாராம். "அடியில் என்ன இருந்தது?" என்று கேட்டேன். யோசித்தார். "சில சமயம் பெரிய விஷயம். ஒரு தடவை வெறும் காதல் கவிதை." மை பூசியதால் கவிதை செய்தியாகிவிடாது என்று அவர் வாயாலேயே வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். 2021 பிப்ரவரி 4 அன்று, ஆட்சியைப் பிடித்த ராணுவம் ஃபேஸ்புக்கை மூடியபோது உண்மையும் வதந்தியும் ஒரே மூடிக்குள்தான் போயின. உள்ளே எது எது என்று யாருக்கும் பிரித்துப் பார்க்க முடியாமல் போனது.

இதற்கு எதிர்வாதமும் வரும், வரவேண்டும். என் நாத்தனார் கேட்டாள்: "2014 ஜூலை மண்டலே?" ஒரு முஸ்லிம் டீக்கடைக்காரர் மேல் ஃபேஸ்புக்கில் பொய்யான பலாத்காரப் பழி பரவி, கலவரமாகி, ஒரு பௌத்தரும் ஒரு முஸ்லிமும் செத்தார்கள். அப்படிப்பட்ட பொய் ஒரு தேதி வரும்வரை காத்திருக்காது, அன்றைக்கே கொல்லும். ஒருவரைக் குறிவைக்கிற செய்தி வந்தால் தாளும் பேனாவும் வேண்டாம், அனுப்பியவருக்கு அந்த நிமிடமே போன் போட்டு அழிக்கச் சொல்லுங்கள். பூகம்ப ஜோசியத்தையும் இதையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பீதி உண்டாக்கும் பேச்சு என்று இந்த நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 505ஏ பிரிவில் மூன்று வருஷம் வரை உள்ளே போடலாம். செக்போஸ்டில் போனைத் திறந்து காட்டச் சொல்வது இங்கே நடக்கிற காரியம். அரசியல் பதிவை அனுப்பி "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று எங்களைக் கேட்காதீர்கள். இரண்டாவது கேள்வியை நேரில், கதவைச் சாத்திக்கொண்டு பேசுங்கள். நான் இதைப் பெயர் போடாமல் எழுதுவதும் அதனால்தான்.

கடைசியாக ஒன்று. சித்தப்பா 21ஆம் தேதிக்காக ஒரு பை கட்டியிருந்தார்: பத்திரங்கள், சர்க்கரை மாத்திரை, டார்ச், இரண்டு பாட்டில் தண்ணீர். அவிழ்க்க வேண்டாம் என்றேன். நாளைக்கோ நாற்பது வருஷம் கழித்தோ அது வேண்டியிருக்கும். ஆனால் ஜோசியர் சொன்னதில் ஒன்றை மட்டும் விடாப்பிடியாக மாற்றினேன். ஆட்டம் நடக்கும்போது சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. படிக்கட்டில் விழுந்தும், மேலிருந்து விழும் செங்கல் பட்டும்தான் நிறையப் பேருக்கு அடிபடுகிறது. குனிந்து, உறுதியான மேசைக்கடியில் புகுந்து, அதன் காலைப் பிடித்துக்கொண்டு, நின்ற பிறகு வெளியே போகவேண்டும். பழகிப் பார்த்தோம். அவருக்கு முழங்கால் மடங்கவில்லை. சரி, கட்டிலிலேயே குப்புறப் படுத்துத் தலையணையால் தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தோம். அவர் தலைமாட்டில் கண்ணாடி வைத்த தேக்கு பீரோ ஒன்று நின்றது. மறுநாள் ட்யூஷனுக்கு வந்த பையன்கள் மூன்று பேர் அதை எதிர்ச் சுவருக்குத் தள்ளி வைத்தார்கள்.